மருந்து ஏறி எத்தனையாவது நாள்? கீமோவுக்குப் பிறகு குடலில் நடப்பது என்ன

வேலூரில் ஆற்காடு சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சுற்றிலும் லாட்ஜுகள். காட்பாடியில் ரயில் இறங்கி நேராக இங்கே வந்து தங்கும் வங்காளக் குடும்பங்கள், அஸ்ஸாம், ஜார்க்கண்ட்காரர்கள், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள், நம்முடைய குடியாத்தம், ஆம்பூர், ஆரணி ஜனங்கள் என்று எல்லாரும் கடைக்கு வருவார்கள். கீமோ என்கிற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டவர்களுக்காக, மொழி மாறினாலும் கேட்பது ஒன்றுதான். "கீமோ போட்டு இட்டுனு வந்தோம். வயித்தால போவுது. நிக்கிறதுக்கு ஏதாவது மாத்திரை குடுண்ணா."

நான் திருப்பிக் கேட்பேன்: "மருந்து ஏறி எத்தனையாவது நாள்?"

முன்பெல்லாம் இப்படிக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒருவர் வந்து, மனைவிக்கு லேசான காய்ச்சல், வயிற்று வலி, பேதி என்றார். பாராசிட்டமாலும் பேதி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் அதே மனிதர் ஐசியு சீட்டோடு வந்து நின்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த இரண்டு மாத்திரையும் காய்ச்சலை மறைத்து, பேதியை அடக்கி, அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நேரத்தை இரண்டு நாள் தள்ளிப்போட்டிருக்கின்றன என்று பிறகு ஒரு டாக்டர் எனக்கு உட்கார வைத்து விளக்கினார். அவரிடம் கற்றதும், அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

## 'சூடு' என்ற ஒரு சொல்

கீமோ மருந்து உடம்பைச் சூடாக்கிவிடும், அதனால்தான் வயிறு கெடுகிறது என்று நம் ஊரில் ஏறக்குறைய எல்லாரும் நம்புகிறோம். இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், சப்ஜா விதை என்று வைத்தியமும் அதற்கேற்றபடி நடக்கிறது. வேலூர் வெயிலில் வாழ்கிறவர்களுக்கு இந்த நம்பிக்கை வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் 'சூடு' என்ற அந்த ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்களைப் போட்டு மூடிவிடுகிறோம். குடலின் உள்தோல் உரிவது ஒன்று. கிருமி குடல் சுவருக்குள் புகுவது வேறொன்று. குடல் அசைவே நின்றுபோவது இன்னொன்று. சுவர் ஓட்டையாவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் தானே ஆறும். மற்றவை உயிரோடு விளையாடும். நான்குக்கும் ஆரம்பம் ஒரே மாதிரி, "வயிறு ஒரு மாதிரி இருக்குது" என்றுதான் இருக்கும்.

## மெழுகின தரை

பழைய மண் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். சாணம் கரைத்து மெழுகின தரை வழுவழுப்பாக இருக்கும். எறும்பு, பூச்சி வராது. ஆனால் ஒருமுறை மெழுகிவிட்டு வருடம் முழுக்க விட முடியாது. நடக்க நடக்கத் தேயும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை மறுபடி மெழுக வேண்டும். மெழுகுகிற பாட்டி ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டால் தரை பொரிந்து வெடிப்பு விடும். வெடிப்பு விட்ட இடத்தில் எறும்பு புற்று வைக்கும்.

குடலின் உட்புறமும் அப்படி ஒரு மெழுகல்தான். ஒரே வரிசை அணுக்களால் ஆன மெல்லிய உறை அது. இதைச் சளிச்சவ்வு என்பார்கள். சாப்பாடு உரசிப் போவதால் இது ஓயாமல் தேய்ந்து உதிரும். அடியில் இருக்கும் தாய் அணுக்கள் பிரிந்து பிரிந்து புதிய அணுக்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உறை முழுக்கப் புதிதாகிவிடுகிறது. நம் உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடம் வேறு அதிகம் இல்லை.

கீமோதெரபி மருந்துகளில் பலவற்றின் வேலை, வேகமாகப் பிரியும் அணுக்களைப் பிடித்து அழிப்பது. புற்றுநோய் அணு வேகமாகப் பிரிவதால் அது மாட்டிக்கொள்கிறது. ஆனால் இது கெட்ட அணு, இது நல்ல அணு என்று பார்க்கும் கண் அந்த மருந்துக்குக் கிடையாது. குடலின் தாய் அணுக்களும் வேகமாகப் பிரிகிறவை, ஆகவே அவையும் அடிபடுகின்றன. முடி கொட்டுவதும், வாய் புண்ணாவதும் இதே காரணத்தால்தான். வாயிலிருந்து ஆசனவாய் வரை ஒரே குழாய். வாய்ப்புண் பலமாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத உள்பகுதியிலும் உறை உரிந்திருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்புண்ணுக்கு ஜெல் வாங்க வருகிறவர்களிடம் நான் வயிற்றைப் பற்றியும் விசாரிப்பது அதனால்தான்.

## வராத காவல்காரர்

தரை வெடித்தால் மட்டும் வீடு கொள்ளை போய்விடாது. வாசலில் காவல் இருக்கிறதே.

நம் பெருங்குடலுக்குள் கோடானுகோடி கிருமிகள் குடியிருக்கின்றன. அவை உள்ளே அவற்றின் இடத்தில் இருக்கும்வரை நமக்கு நல்லதுதான் செய்கின்றன. சளிச்சவ்வைத் தாண்டி ஒன்றிரண்டு வந்துவிட்டால் பிடித்து விழுங்க ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் பெயர் நியூட்ரோஃபில். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இதைத் தயாரிக்கிறது. இந்தக் காவல்காரருக்கு ஆயுசு மிகக் குறைவு. ரத்தத்தில் சில மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றிரண்டு நாள். அதனால் மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் தயாரித்து அனுப்பியபடி இருக்க வேண்டும். அவ்வளவு வேகமாகப் பிரியும் அணுக்கள் உள்ள இடத்தைக் கீமோ மருந்து விட்டுவைக்குமா?

மருந்து ஏறிய உடனே காவல் குறைவதில்லை. ஏற்கெனவே தயாராக இருந்தவர்கள் சில நாள் தாக்குப்பிடிப்பார்கள். அவர்கள் தீர்ந்து, புதிய ஆள் வராமல், பல மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் எண்ணிக்கை மிகத் தாழ்ந்த இடத்துக்கு வரும். பிறகு மெதுவாக ஏறி, மூன்றாவது வாரத்தின் முடிவில் அடுத்த மருந்துக்குத் தயாராகும். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பலமான மருந்துகளில் இந்தத் தாழ்வு வாரக்கணக்கில் நீடிக்கும். வார்டில் "கவுண்ட் இறங்கிடுச்சு" என்று சொல்வது இதைத்தான்.

கவுண்ட் விஷயத்தில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டைப் பிரித்ததும் மொத்த வெள்ளணு எண்ணிக்கையை மட்டும் பார்த்து மூச்சு விடுவார்கள். போன மாதம் ஒரு அண்ணன் ரிப்போர்ட்டைக் காட்டி, "மூவாயிரம் கீதுபா, பரவால்ல இல்ல?" என்றார். கீழே நியூட்ரோஃபில் 10 சதவீதம் என்று இருந்தது. 3,000 இல் 10 சதவீதம் என்றால் 300. காவல்காரர் முந்நூறு பேர்தான். மீதிப் பேர் வேறு வேலைக்காரர்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் நியூட்ரோஃபில் 1,500க்குக் கீழே போனால் குறைவு, 500க்குக் கீழே போனால் கடுமையான குறைவு என்பது கணக்கு. அந்தப் பெருக்கலைக் கடையில் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுக் காட்டினேன். அவர் முகம் மாறியது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொன்னேன், போனார்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: மருந்து ஏறி ஒரு வாரம் கடந்த கட்டத்தில் தரை வெடித்திருக்கிறது, அதே நாட்களில் காவலும் இல்லை. இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருவதால்தான் குடலுக்கு அப்படி ஆபத்து.

## குருட்டுக்குடல்

சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேரும் இடம் அடிவயிற்றின் வலது பக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் பெருங்குடல் ஒரு பை போல ஆரம்பிக்கும். ஒரு பக்கம் மூடிய பை என்பதால் குருட்டுக்குடல் என்று பெயர். அதிலிருந்து தொங்குவதுதான் எல்லாருக்கும் தெரிந்த குடல்வால்.

கீமோவுக்குப் பிறகு வரும் குடல் சிக்கல்களில் டாக்டர்கள் மிகவும் பயப்படும் ஒன்று இங்கேதான் அதிகம் தாக்குகிறது. நியூட்ரோஃபில் குறைந்த நேரத்தில் கிருமிகள் குடல் சுவருக்குள் புகுந்து சுவரையே வீங்க வைத்துப் புண்ணாக்கும் நோய் அது. நியூட்ரோபீனிக் என்டெரோகொலைட்டிஸ் என்பது அதன் முழுப்பெயர். குருட்டுக்குடலை மட்டும் தாக்கும்போது டிஃப்லைட்டிஸ் என்பார்கள். கிரேக்க மொழியில் 'குருடு' என்பதற்கான சொல்லிலிருந்து வந்தது. முதலில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளிடம்தான் இதை அதிகம் கண்டார்கள். இப்போது பெரியவர்களிடமும், மார்பகம், நுரையீரல் போன்ற கட்டிகளுக்கு மருந்து எடுப்பவர்களிடமும் வருவது தெரிந்திருக்கிறது.

ஏன் அந்த இடம்? குருட்டுக்குடல் எளிதாக உப்பக்கூடிய பை. மலம் அங்கே தேங்கி நிற்கும். ரத்த ஓட்டமும் மற்ற பகுதிகளை ஒப்பிடக் கொஞ்சம் குறைவு. உப்பும்போது சுவர் இழுபட்டு, இருக்கிற ரத்தமும் குறையும். வீட்டில் தண்ணீர் தேங்குகிற மூலைதான் முதலில் இற்றுப்போகும்.

காய்ச்சல், வயிற்று வலி, பெரும்பாலும் வலது அடிவயிற்றில். பேதி, சில சமயம் ரத்தம் கலந்து. வயிறு உப்பல், வாந்தி. எல்லாம் ஒரே நேரத்தில் வரவேண்டும் என்றில்லை. பார்க்க அப்பென்டிக்ஸ் வலி போலவே இருக்கும்.

இங்கே எனக்கு அந்த டாக்டர் சொன்ன ஒரு விஷயம் இன்றுவரை மனதில் நிற்கிறது. சாதாரணமாகக் கிருமி தாக்கினால் இடம் வீங்கும், சிவக்கும், சீழ் வைக்கும், தொட்டால் துடிக்கும். அதெல்லாம் காவல்காரரும் திருடனும் கட்டிப் புரளும் சத்தம். சீழ் என்பதே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். காவல்காரரே இல்லாத வீட்டில் திருட்டு சத்தமில்லாமல் நடக்கும். உள்ளே குடல் அழுகிக்கொண்டிருக்கும்போதும் மேலே வயிறு மெத்தென்று இருக்கலாம், வலி சுமாராக இருக்கலாம். வாந்திக்காகவும் அலர்ஜிக்காகவும் கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் அந்தக் கொஞ்ச சத்தத்தையும் அமுக்கிவிடும். மிஞ்சுகிற ஒரே அடையாளம் பல நேரம் காய்ச்சல் மட்டும்தான்.

அந்தக் காய்ச்சலைத்தான் நாம் பாராசிட்டமால் போட்டு இறக்குகிறோம்.

## ஆஸ்பத்திரியில் ஏன் பட்டினி போடுகிறார்கள்

இந்த நோய் என்று சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். குடல் சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம் வலுக்கும். வாய் வழியாகச் சாப்பாடு நிறுத்தி, ரத்தக் குழாய் வழியாக நீரும் சத்தும் கொடுத்து, பலவகைக் கிருமிகளையும் பிடிக்கும் ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் கவுண்ட் ஏற்றும் ஊசி போடுவார்கள்.

குடும்பத்தாருக்கு இதில் தாங்க முடியாதது பட்டினிதான். "ரெண்டு நாளா ஒரு வாய் கஞ்சி கூட உடல, ஆளு துவண்டு பூட்டான்" என்று கடையில் வந்து அழுத அம்மாக்கள் உண்டு. நர்ஸ் அசந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோய் ஊட்டியவர்களும் உண்டு. பாசம் அது. ஆனால் வெடித்த தரையில் ஆள் நடமாட விட்டுக்கொண்டே மெழுக முடியாது. குடலுக்குள் ஒன்றும் போகாமல் இருந்தால்தான் அது உப்பாமல், இழுபடாமல், புது அணுக்கள் ஏறி மூடிக்கொள்ளும்.

அதேபோல, "இவ்ளோ சீரியஸ்னா ஏன் ஆபரேஷன் பண்ணல?" என்ற கோபமும் வரும். கவுண்ட் இல்லாத உடம்பில் கத்தி வைத்தால் தையல் போட்ட இடம் ஆறாது. தட்டணுக்களும் குறைந்திருப்பதால் ரத்தம் நிற்காது. அதனால் சர்ஜன் தினமும் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் காத்திருப்பார். குடல் ஓட்டையானால், ரத்தப்போக்கு நிற்காவிட்டால், மருந்துக்கு அடங்காவிட்டால் மட்டும் கத்தி எடுப்பார்.

## பேதி எல்லாம் ஒரே பேதி இல்லை

எல்லாப் பேதியும் மேலே சொன்ன நோய் அல்ல. 5-எஃப்யூ ஊசி, அதன் மாத்திரை வடிவமான கேப்சிடபைன், இரினோடெக்கான் ஆகியவை குடல் உறையை நேரடியாகவே உரிக்கும் மருந்துகள். பேதி இவற்றோடு சேர்ந்தே வருகிறது. இரினோடெக்கானுக்கு இரண்டு பேதி உண்டு. மருந்து ஏறிய 24 மணி நேரத்துக்குள் வியர்த்து, எச்சில் ஊறி, வயிறு முறுக்கிப் போவது ஒன்று. அதற்கு அட்ரோபின் ஊசி உண்டு. ஒரு நாள் கடந்து, பெரும்பாலும் முதல் வாரக் கடைசியிலோ இரண்டாம் வாரத்திலோ வருவது மற்றொன்று. இந்தப் பின்பேதிக்குத்தான் லோபரமைடு மாத்திரையை டாக்டர்கள் முன்கூட்டியே எழுதிக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் அளவு சாதாரணப் பேதிக்குச் சொல்வதைவிட அதிகம். பயந்து குறைத்துக்கொள்ளவும் கூடாது. அந்தச் சீட்டைப் பார்த்து வேறொரு நோயாளி அதே அளவைப் போட்டுக்கொள்ளவும் கூடாது.

அப்படியானால் லோபரமைடு நல்லதா, கெட்டதா? அது குடலின் அசைவைத் தளர்த்தும் மருந்து. உறை உரிந்ததால் மட்டும் வரும் பேதியில், டாக்டர் சொன்னபடி போட்டால், உயிர் காக்கும். கிருமியால் வந்த பேதியில் அதே மாத்திரை விஷத்தை உள்ளேயே கட்டி வைக்கும். காய்ச்சல், ரத்தம், கடும் வலி, உப்பல் இவற்றில் ஒன்று கூட வந்தாலும் என் கடையில் அது கிடைக்காது.

கிருமிப் பேதியில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்று ஒரு கிருமி. வார்டில் சுருக்கமாக சி-டிஃப். கீமோ நோயாளிகளுக்கு அடிக்கடி ஆன்டிபயாட்டிக் போடவேண்டி வருகிறது. அது குடலின் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிக்க, காலியான இடத்தில் சி-டிஃப் பெருகி விஷம் கக்கும். மலத்தைப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். வாய்வழி வான்கோமைசின் போன்ற மருந்து கேட்கும். இது விதை போன்ற ஒரு கெட்டியான ஓட்டுக்குள் பதுங்கி வாழும். கையில் தேய்க்கும் சானிடைசரால் அந்த ஓட்டினை ஒன்றும் செய்ய முடியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. கக்கூஸுக்குப் பிளீச்சிங் கரைசல். ஒரே கழிப்பறையை நாலு அறைக்காரர்கள் பயன்படுத்தும் சின்ன லாட்ஜுகளில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

எண்ணிக்கையும் முக்கியம். ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாகப் போனால் டாக்டருக்குப் போன் செய்யும் நிலை. ஏழு தடவை அதிகமானால் நேரில் போகும் நிலை. "நெறைய தடவை" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எண்ணி வையுங்கள்.

சுருக்கமாக: பேதிக்குக் காரணம் தெரியாமல் நிறுத்தக் கூடாது. எந்த மருந்து ஏறியது, எத்தனையாவது நாள், எத்தனை தடவை, காய்ச்சல் உண்டா என்ற நாலும் தெரிந்த பிறகே மாத்திரை.

## நித்தியகல்யாணியும் போகாத வயிறும்

நம் வீட்டு ஓரங்களில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக்கிடக்கும் நித்தியகல்யாணி இருக்கிறதே, சுடுகாட்டுப் பூ என்று கூடச் சொல்வோம், அந்தச் செடியிலிருந்து கிடைத்ததுதான் வின்கிரிஸ்டின். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும், நெறிக்கட்டிப் புற்றுநோய்க்கும் இன்றும் அது முக்கியமான மருந்து. (அதற்காகச் செடியைக் கஷாயம் வைத்துக் குடிக்காதீர்கள், கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன். அது நஞ்சு.)

இந்த மருந்து நரம்பைத் தொடும். விரல் நுனி மரத்துப்போவது போலக் குடலின் நரம்பும் மந்தமாகும். பசு மடியில் பால் கறக்கும்போது விரல்கள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துமே, குடலும் அப்படித்தான் உள்ளே இருப்பதைப் பிழிந்து தள்ளுகிறது. நரம்பு மரத்தால் விரல்கள் தளர்ந்துவிடும். முதலில் மலச்சிக்கல். முற்றினால் அசைவே நின்று, வயிறு பானை போல உப்பி, காற்றும் பிரியாமல், சாப்பிட்டது வாந்தியாக வரும். வழியில் அடைப்பு எதுவும் இல்லாமலே குடல் ஓய்ந்துபோகும் இந்த நிலைக்குப் பெயர் பாராலிட்டிக் இலியஸ். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான், வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் இரண்டும் மலத்தைக் கட்டும் மருந்துகள் என்பதால் மூன்றும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பு.

மூன்று நாள் போகவில்லை என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் விளக்கெண்ணெய் எடுப்பார்கள், அல்லது எனிமா டப்பா கேட்டு என்னிடம் ஆள் அனுப்புவார்கள். கவுண்ட் குறைந்த நாட்களில் ஆசனவாய் வழியாக எதையும் செலுத்தக் கூடாது. எனிமா, உள்ளே வைக்கும் மாத்திரை, குழந்தைகளுக்கு ஆசனவாயில் வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் எதுவும் வேண்டாம். அங்கே விழும் ஒரு சிறு கீறல் கூடக் கிருமிக்குத் திறந்த கதவு. மலமிளக்கி வேண்டுமென்றால் வாய்வழி, டாக்டர் எழுதியது, அதுவும் வயிறு உப்பவில்லை என்று உறுதியான பிறகு.

## ஓட்டை

இது அரிது, ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். குடல் சுவரிலேயே இருக்கும் நெறிக்கட்டிப் புற்று, மருந்துக்கு வேகமாகக் கரையும்போது அது அடைத்திருந்த இடம் ஓட்டையாகிவிடலாம். பெவசிஸுமாப் என்ற மருந்து கட்டிக்குப் போகும் புது ரத்தக் குழாய்களைத் தடுப்பது. அபூர்வமாகச் சிலருக்குக் குடல் சுவரின் ஆறும் சக்தியையும் அது குறைத்துவிடும். திடீரென்று கத்தி குத்தியது போல வலி, வயிறு பலகை போல இறுகுவது, வேர்த்துக் கொட்டுவது இதன் அடையாளம். வேறு எதையும் யோசிக்காமல் 108.

உடம்பின் சொந்தக் காவலைத் தூண்டிவிட்டுப் புற்றைத் தாக்க வைக்கும் இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கும் பேதி வரும். அதன் காரணம் நேர் எதிர். அங்கே காவல்காரர் குறைவதில்லை, கட்டவிழ்த்துவிட்ட காவலே சொந்த வீட்டைத் தாக்குகிறது. அதற்கு வைத்தியமும் வேறு. அதனால் 'கீமோ' என்று பொதுவாகச் சொல்லாமல் மருந்தின் பெயரைச் சொல்வது அவசியம்.

## வீட்டில், லாட்ஜில்

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது வேலூர் மே மாதத்தில் ஒன்றுக்கும் உதவாது, எல்லார் நெற்றியும் கொதிக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே தடவையில் 101 காட்டினாலோ, கவுண்ட் குறையும் நாட்களில் அது அவசரம். இரவு இரண்டு மணியானாலும் அவசரம்தான். பாராசிட்டமால் போடுவதற்கு முன்பு அளந்து எழுதி வையுங்கள். போட்ட பிறகு அளந்தால் அந்த எண் பொய் சொல்லும். காய்ச்சலோடு கவுண்ட் இறங்கியவருக்கு ஆஸ்பத்திரி வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. அவர்கள் நிமிடத்தை எண்ணுகிற இடத்தில் நாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் நடக்கும் தவறு எனக்கு மிகவும் வேதனை. 20.5 கிராம் பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தால் உப்பும் சர்க்கரையும் அடர்த்தியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். குடல் பற்றிய ஆராய்ச்சியில் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் பரவிய ஸ்ப்ரூ என்ற குடல் நோயை செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் இங்கிருந்துதான் ஆராய்ந்தார்கள். ஓஆர்எஸ்ஸில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தால் காலராப் பேதி குறைகிறது என்று பி.எஸ். ராமகிருஷ்ணா குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டதும் வேலூரிலிருந்துதான். அப்படிப்பட்ட ஊரில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் கலக்குகிறோமே என்று இருக்கிறது.

சாப்பாட்டில், கவுண்ட் இறங்கும் வாரத்தில் சுடச்சுட வேகவைத்தது மட்டும். 'சூட்டுக்கு நல்லது' என்று கொடுக்கும் பழைய சோறு, தள்ளுவண்டிக் கேழ்வரகுக் கூழ், ஐஸ் போட்ட கரும்புச்சாறு ஆகியவை அந்த ஒரு வாரம் வேண்டாம். நல்ல கிருமி மாத்திரை என்று ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து விற்கும் புரோபயாட்டிக்கையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். நல்ல கிருமியும் காவலில்லாத வீட்டில் வெடிப்பு வழியாக உள்ளே போனால் ரத்தத்தில் போய்ச் சேரும்.

## அவசரப் பிரிவில் சொல்ல வேண்டியது

தூரத்து ஊர்க்காரர்கள், திருப்பத்தூர், ஜவ்வாது மலையடிவாரம் என்று இருப்பவர்கள், வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்துதான் சேரவேண்டும் என்று மூன்று மணி நேரம் பஸ்ஸில் வராதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் முதல் ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொண்டு, அங்கிருந்து 108இல் வரலாம். ஆனால் அங்கே இருக்கும் டாக்டருக்கு உங்கள் கதை தெரியாது. "காய்ச்சல், பேதி" என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் உட்கார வைப்பார்கள். முதல் வாக்கியமே இப்படி இருக்கட்டும்: "கீமோ போட்டு ஒன்பதாவது நாள். காய்ச்சல் 101. வலது பக்கம் வயிறு வலிக்குது."

பாபுராவ் தெருப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கியிருந்த வங்காளத்து அக்கா ஒருத்தர் இதை அழகாகச் செய்திருந்தார். தினசரி காலண்டரில் நாள் தாளைக் கிழிக்காமல், மருந்து ஏறிய தேதியில் சிவப்புப் பேனாவால் 1 என்று எழுதி, தொடர்ந்து 21 வரை ஒவ்வொரு தாளிலும் எண் போட்டு வைத்திருந்தார். 7 முதல் 14 வரை தாள்களின் ஓரத்தை மடித்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் காலை, மாலை டெம்பரேச்சர்; நோயாளியான கணவர் எத்தனை தடவை போனார் என்பதற்குக் கோடுகள். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது, ராசிபலனுக்கு மேலேயே எழுதியிருந்தார். பத்தாவது நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கணவரை ஆட்டோவில் ஏற்றியபோது காலண்டர் அட்டையையே ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு போனார். அவசரப் பிரிவில் அவர்கள் பேசும் மொழி தெரிந்தவர் யாரும் அந்த நேரம் இல்லையாம். டியூட்டி டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். மருந்து ஏறத் தொடங்கியபோது மணி பன்னிரண்டைத் தாண்டவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து இருவரும் கடைக்கு வந்தார்கள். அவர் இளைத்திருந்தார், நடந்துதான் வந்தார். அக்கா கேட்டது அடுத்த வருஷத்துக் காலண்டர் ஒன்று கிடைக்குமா என்று.